மச்சாளின் பஸ்ஸும் எங்கள் ஹீற்றரும்

என் கணவரின் அக்காவை, என் மச்சாளை, நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை வாசிக்கும் உறவினர் சிலர், "இவ்வளவு காலம் கழிச்சு இதையும் எழுத வேணுமோ?" என்று கேட்பார்கள். எழுதத்தான் வேண்டும். மச்சாள் இந்தக் கதையைக் கலியாண வீடுகளில் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்லும்போது எல்லாரும் சிரிக்கிறார்கள். அதில் நான் ஒரு பைத்தியக்காரி மாதிரி வருகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நாங்கள் மெல்பேர்னுக்கு வந்து இரண்டாவது குளிர்காலம். எங்களை இந்த நாட்டுக்கு அழைப்பித்தவர் மச்சாள்தான். அவருடைய கணவர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டொக்டர். அவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். நகரத்தின் கிழக்குப் பக்கம், மேட்டுத் தெரு ஒன்றில், அகலமான கராஜ் வைத்த செங்கல் வீடு அவர்களுடையது. நாங்கள் மேற்குப் பக்கம், ஃபுட்ஸ்கிறேயில், தொழிற்சாலைப் புகை படிகிற பலகை வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் யாழ்ப்பாணத்தில் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். இங்கே ரயில் பெட்டிகள் திருத்தும் இடத்தில் வேலை. நான் சேர்ட் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் கொலர் தைத்தேன்.

மச்சாள் எங்களை யாருக்காவது அறிமுகம் செய்யும்போது, "இவை நாங்கள் கூப்பிட்டு எடுத்த ஆக்கள்" என்பார். தம்பி என்றும் சொல்ல மாட்டார், தம்பியின் மனைவி என்றும் சொல்ல மாட்டார். கூப்பிட்டு எடுத்த ஆக்கள். கடையில் ஓடர் கொடுத்து எடுப்பித்த சாமான் மாதிரி. என் கணவர் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பார். வீட்டுக்கு வந்து நான் ஏதும் சொன்னால், "அக்கா எல்லோ, விடும்" என்பதோடு சரி.

அந்த வருசம் குளிர் தொடங்குகிற நேரத்தில் டொக்டர் அண்ணை ஒரு பழைய சின்னப் பள்ளிக்கூட பஸ்ஸை வாங்கினார். பிள்ளைகள் இருக்கும் சீற்றுகளைக் கழற்றிவிட்டு, உள்ளே கட்டில், சமைக்கச் சின்னக் குசினி, மேசை, யன்னலுக்குத் திரை எல்லாம் போடுவித்தார். வீட்டோடு ஊர் சுற்றலாம் என்பது அவருடைய ஆசை. ஆஸ்பத்திரியில் அவரோடு வேலை செய்கிறவர்கள் சிலரிடம் அப்படியான வாகனங்கள் இருந்தன. ஆனால் பஸ்ஸுக்குள் ஐஸ்பெட்டிக்குள் இருப்பதுபோல் குளிர்ந்தது.

மச்சாள் என் கணவருக்குத் தொலைபேசி எடுத்தார். பக்கத்தில் நின்ற எனக்கும் குரல் கேட்டது.

"தம்பி, அத்தான்ரை பஸ்ஸுக்கு ஒரு ஹீற்றர் பூட்ட வேணும். கடையிலை குடுத்தால் சரியாச் செய்யமாட்டாங்கள். நீ வந்து செய்து தாவன். ஓகஸ்ட்டிலை எல்லாருமாய்ப் பனி பாக்கப் போவம்."

எல்லாருமாய். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் பிறகு அத்தனை சனி ஞாயிறுகளையும் அந்த வீட்டுச் சீமெந்துத் தரையில் கழித்தேன். எனக்குப் பனி பார்க்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை. அவுஸ்திரேலியா என்றதும் ஊரில் எல்லாரும் கங்காருவைப் பற்றித்தான் கேட்டார்கள். நான் பனி விழுமோ என்றுதான் கேட்டேன்.

ஹீற்றர் எங்கே எடுப்பது என்று டொக்டர் அண்ணை யோசிக்கவில்லை. அது எங்கள் தலையில் விழுந்தது. பழைய வாகனங்களை உடைத்து விற்கும் யார்ட் ஒன்றில், நொறுங்கிக் கிடந்த ஒரு பஸ்ஸின் வயிற்றுக்குள் என் கணவர் அதைக் கண்டுபிடித்தார். அங்கே முதலாளியின் லொறிக்கு ஒரு சனிக்கிழமை முழுக்க நின்று பிறேக் செய்துகொடுத்து, அதற்குப் பதிலாக ஹீற்றரை வாங்கிக்கொண்டு வந்தார். இரும்புப் பெட்டி ஒன்று. உள்ளே சின்ன ரேடியேற்றரும் அதன் பின்னால் மின்விசிறியும் இருந்தன. எஞ்சினைச் சுற்றி ஓடுகிற சுடுதண்ணீரில் கொஞ்சத்தை றபர் குழாயால் இந்தப் பெட்டிக்குள் கொண்டுவந்து திரும்ப அனுப்ப வேண்டும். ரேடியேற்றர் சூடாகும். விசிறி ஊதினால் சூட்டுக்காற்று வெளியே வரும். அவ்வளவுதான் விசயம்.

ஆனால் அது வந்தபோது அடையாளம் தெரியாத அளவுக்குத் துருவேறிக் கறல் பிடித்திருந்தது. எங்கள் குசினி மேசையில் பேப்பர் விரித்து அதைத் துண்டு துண்டாகக் கழற்றினோம். ரேடியேற்றரின் மெல்லிய தகடுகள் நசிந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அவற்றை நான் கொண்டை ஊசியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். பழைய பல் பிரஷால் இடுக்கெல்லாம் தேய்த்தேன். உள்ளே அடைத்திருந்த ஊத்தை கரைய வினாகிரி ஊற்றி ஊறவிட்டோம். வீடெல்லாம் ஊறுகாய் மணம். விசிறி மோட்டரை அவர் பிரித்துப் பூட்டினார். முதல் தரம் இரவல் வாங்கிய கார் பற்றரியில் கொடுத்துப் பார்த்தபோது உள்ளே மிச்சமிருந்த தூசெல்லாம் பறந்து வந்து என் முகத்தில் அடித்தது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதனால் சொல்கிறேன், அந்த ஹீற்றர் எங்களுடையது. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

பிறகு பூட்டுகிற வேலை. நீளச் சீற்று ஒன்றின் கீழே பெட்டியை வைப்பது என்று முடிவு. அந்த இடுக்குக்குள் அவருடைய கை போகாது. என் கைதான் போகும். அவர் பஸ்ஸின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "இப்ப இடப்பக்கம் உள்ள கிளிப்பை இறுக்கும்" என்று சொல்வார். நான் மேலே குப்புறப் படுத்துக்கொண்டு இறுக்குவேன். குழாய்க்கு எப்படித் துளை போடுவது, தண்ணீர் வழியாமல் குழாயை எப்படி இரண்டு பலகைத் துண்டுகளுக்கு நடுவில் நசித்துப் பிடிப்பது, வயர் நுனிக்கு எப்படிக் கறுப்பு ஒட்டு ரேப் சுற்றுவது எல்லாம் அப்போது எனக்குப் பழகிப்போனது.

டொக்டர் அண்ணை இடையிடையே தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்ப்பார். ஒரு நாள் வந்து, "தம்பி, உள்காத்தையே திருப்பித் திருப்பிச் சூடாக்கிறது உடம்புக்குக் கூடாது. வெளியிலையிருந்து நல்ல காத்து வரவேணும்" என்றார். வெளிக்காற்று எடுத்தால் பஸ் சூடாக நேரம் செல்லும் என்று என் கணவர் சொல்லிப் பார்த்தார். அண்ணை கேட்கவில்லை. சீற்றின் கீழே, தரைத் தகட்டில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வட்ட ஓட்டை வெட்ட வேண்டி வந்தது. அதை வெட்டி முடிக்கையில் என் கணவரின் உள்ளங்கை கொப்பளித்திருந்தது. அண்ணை குனிந்து பார்த்து, "எக்ஸலண்ட்" என்றுவிட்டுப் போனார்.

மத்தியானச் சாப்பாடு வீட்டிலிருந்து வரும். வீட்டுக்குள் இல்லை. மச்சாள் தட்டுகளைக் கொண்டுவந்து கராஜில் வேலைப் பலகைக்கு மேல் வைப்பார்.

"உங்கடை உடுப்பெல்லாம் எண்ணெய். உள்ளுக்குப் புதுக் கார்ப்பெற். இதிலையே சாப்பிடுங்கோ என்ன."

முதல் நாள் அது நியாயமாகத்தான் பட்டது. அடுத்த கிழமை நான் மாற்று உடுப்புக் கொண்டுபோனேன். மத்தியானம் கையைக் கழுவி, உடுப்பை மாற்றிக்கொண்டு குசினி வாசலில் போய் நின்றேன். மச்சாள் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு தட்டை என் கையில் தந்து, "தம்பி தனியச் சாப்பிடுவான், நீரும் அங்கை போம்" என்றார். உள்ளே சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் கதிரைகள் வெறுமையாக இருந்தன. நான் தட்டை எடுத்துக்கொண்டு கராஜுக்குத் திரும்பினேன். என் கணவர் என் மாற்று உடுப்பைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

ஹீற்றர் வேலை செய்த அன்று எல்லாரும் பஸ்ஸுக்குள் ஏறி இருந்தோம். எஞ்சின் சூடாகிய பிறகு என் கணவர் சாரதிக்குப் பக்கத்திலிருந்த சுவிச்சைப் போட்டார். சின்னச் சிவப்பு லைட் எரிந்தது. சீற்றின் கீழிருந்து இளஞ்சூடாகக் காற்று வந்தது. மச்சாள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி, "என்ன சுகம்" என்றார். அன்று இரயிலில் வீடு திரும்பும்போது நான் கம்பளி நூல் வாங்கினேன். எனக்கொன்று, என் கணவருக்கொன்று என்று தொப்பி பின்னத் தொடங்கினேன்.

என்னுடைய தொப்பி முடிந்து, அவருடையது பாதியில் நிற்கும்போது மச்சாள் தொலைபேசி எடுத்தார். இந்த முறை என்னோடு பேசினார்.

"வாற சனி விடிய வெளிக்கிடுறம். அத்தான்ரை ஆஸ்பத்திரிப் பெரிய சர்ஜனும் அவற்றை மனுசியும் வருகினம். அத்தானுக்கு இது முக்கியமான ஆக்கள், தெரியும்தானே."

"நாங்கள் எத்தினை மணிக்கு வாறது மச்சாள்?"



"நீங்கள் எப்பிடி வாறது? இடம் காணாதெல்லோ. அவையளோடை நீங்கள் என்னத்தைக் கதைக்கப் போறியள்? உங்களுக்கும் அந்தரமாய்த்தான் இருக்கும். பிறகொருக்கால் பாப்பம். இஞ்சை பாரும், வியாழக்கிழமை ஒருக்கா வந்து பஸ்ஸை உள்ளுக்கு வடிவாய்த் துடைச்சு விடுமன். மரக்கறி ரோல்ஸும் கொஞ்சம் செய்துகொண்டு வாரும். உம்மடை ரோல்ஸ் நல்லாயிருக்கும்."

"ஓம் மச்சாள்" என்றேன்.

என் கணவர் வேலை முடிந்து வந்ததும் விசயத்தைச் சொன்னேன். முகம் வாடியது. ஆனால் வாயிலிருந்து வந்தது வழக்கமான பேச்சுத்தான்.

"அத்தான்ரை உத்தியோக விசயம் எல்லோ. விடும்."

விடவில்லை. பின்னிக்கொண்டிருந்த தொப்பியை ஊசியோடு சுருட்டி அலுமாரிக்குள் எறிந்தேன். அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை ஆறியிருக்கும்.

வியாழக்கிழமை தொழிற்சாலைக்கு வயிற்றுவலி என்று சொன்னேன். அன்று நான் சொன்ன ஒரே பொய் அதுதான். ரோல்ஸ் செய்தேன், நன்றாகவே செய்தேன். சாப்பாட்டில் பழி தீர்க்கிற ஆள் நான் இல்லை. ஒரு பெரிய துணிப்பையில் ரோல்ஸ் பெட்டியும், அதன் கீழே ஸ்பானர்களும், திருகாணி முடுக்கியும், இரண்டு கிளிப்பும், ஒரு சாண் செப்புக் குழாயும் வைத்துக்கொண்டு இரயில் ஏறினேன்.

மச்சாள் ரோல்ஸை வாங்கி ஒன்றைக் கடித்துப் பார்த்து, "நல்லாயிருக்கு" என்றார். துடைக்க வாளியும் துணியும் தந்தார்.

"மச்சாள், ஹீற்றரிலையும் கொஞ்ச வேலை இருக்கு. அதையும் முடிச்சுவிடுறன்."

"ஓமோம், வடிவாய்ப் பாரும். அவையள் குளிர் தாங்கமாட்டினம்."

பட்டப்பகல். நல்ல வெயில். கராஜின் கதவு அகலத் திறந்து கிடந்தது. குசினி யன்னலால் பார்த்தால் நான் தெரிவேன். முதலில் பஸ்ஸை மூலை முடுக்கெல்லாம் துடைத்தேன், கண்ணாடி பளபளத்தது. பிறகு சீற்றைத் தூக்கினேன். இரண்டு குழாய்களையும் பலகைத் துண்டு வைத்து நசித்துப் பிடித்து, கிளிப்பைத் தளர்த்தி, வழிந்த தண்ணீரை வாளியில் ஏந்தினேன். விசிறி மோட்டருக்கு வருகிற வயரைக் கழற்றி நுனிகளை ஒட்டு ரேப்பால் சுற்றினேன். சுவிச்சையும் சிவப்பு லைட்டையும் தொடவில்லை. பெட்டியைத் தரையோடு பிடித்திருந்த நான்கு திருகாணிகளையும் கழற்றினேன். இறுக்கியதும் நான், கழற்றியதும் நான். பெட்டி கையோடு வந்தது.

இரண்டு குழாய்களின் நுனிகளையும் செப்புக் குழாயில் செருகிக் கிளிப் போட்டு இறுக்கிச் சேர்த்தேன். எஞ்சினுக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது. வழியில் அவர்கள் நின்றுபோனால் அது என் கணவரின் வேலைக்குத்தான் இழுக்கு. எஞ்சின் ரேடியேற்றரில் குறைந்த தண்ணீரை நிரப்பினேன். பிறகு மச்சாளைக் கூப்பிட்டேன்.

"மச்சாள், ஒருக்கா எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிவிடுங்கோ. கசிவு இருக்கோ எண்டு பாக்க வேணும்."

அவர் கை துடைத்துக்கொண்டு வந்து ஸ்டார்ட் செய்தார். நான் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டும் இல்லை.

"சரியோ?"

"சரி மச்சாள். எஞ்சின் நல்லாயிருக்கு."

அந்த வட்ட ஓட்டையை மட்டும் அப்படியே விட்டேன். அது எங்களுடையதல்ல. டொக்டர் அண்ணை கேட்டு வெட்டுவித்தது.

புறப்படும் நேரம் மச்சாள் பழைய போர்வைகள் இரண்டைக் கொண்டுவந்து தந்தார். "பஸ்ஸுக்குப் புதுசு வாங்கியிருக்கிறம். இதுகளை நீர் கொண்டு போம். உங்களுக்கு உதவும்." நான் அந்தப் போர்வைகளிலேயே ஹீற்றரைச் சுற்றிப் பைக்குள் வைத்தேன். மச்சாள் தன் காரில் என்னை இரயில் நிலையத்தில் இறக்கினார். பையின் ஒரு காதை நான் பிடிக்க, மறு காதைப் பிடித்து இறக்கியவர், "என்ன இவ்வளவு பாரம்?" என்று கேட்டார்.

"எங்கடை சாமான் மச்சாள். வீட்டை கொண்டுபோறன்."

"கவனமாய்ப் போம்" என்றார்.

சனிக்கிழமை காலையில் என் கணவர் உடுப்புத் தோய்க்கும் அறைக்குள் சவர்க்காரம் எடுக்கப் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தேன். போர்வையை விலக்கிவிட்டுப் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"இது என்னப்பா?"

"எங்கடை ஹீற்றர்."

"அக்கா ஆக்கள்?"

"விடியவே வெளிக்கிட்டிருப்பினம்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். ரேடியேற்றர் தகடுகளில் விரலால் தடவிப் பார்த்தார்.

"எஞ்சின் குழாய் ரெண்டையும் என்ன செய்தனீர்?"

"செப்புக் குழாய் போட்டுச் சேத்தனான். ரெண்டு பக்கமும் கிளிப்."

"கசிவு பாத்தனீரோ?"

"மச்சாளைக் கொண்டு ஸ்டார்ட் பண்ணுவிச்சுப் பாத்தனான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து குனிந்து பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். உடனே முகத்தை இறுக்கிக்கொண்டு, "அக்காவுக்குத் தெரிஞ்சால் என்ன நடக்குமெண்டு யோசிச்சனீரோ?" என்று கேட்டார்.

"தெரியட்டும் எண்டுதானே கழட்டினனான்."

அவர்களுக்கு வழியில் தொலைபேசியில் சொல்லவும் முடியாது. இரண்டு நாளும் அவர் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். நான் நன்றாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து உடுப்பு மாற்றுவதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. மச்சாள் முதலில் வந்தார். பின்னால் டொக்டர் அண்ணை. நான் கதிரைகளை இழுத்துப் போட்டேன். மச்சாள் இருக்கவில்லை.

"எங்களை நாறடிச்சுப் போட்டாய்" என்று தொடங்கினார். அதுவரைக்கும் 'நீர்' என்று சொன்னவர், 'நீ'க்கு வந்துவிட்டார்.

பிறகு நடந்ததையெல்லாம் அவரே சொன்னார். நான் கேட்காமலே, ஒன்றையும் விடாமல் சொன்னார். எனக்கு அது எவ்வளவு ருசியாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தால் வாயே திறந்திருக்கமாட்டார்.

"மலையேற முன்னமே சரியான குளிர். அத்தான் சுவிச்சைப் போட்டார். சிவப்பு லைட் எரியுது. கொஞ்சம் பொறுங்கோ, இப்ப சூடு வரும் எண்டு அவையளுக்குச் சொல்லுறார். அரை மணித்தியாலமாய் அதையே சொல்லிக்கொண்டு வாறார். சூடு எங்கை வாறது? காலுக்குக் கீழாலை பனிக்காத்து அடிக்குது. அந்தச் சர்ஜன்ரை மனுசி தேத்தண்ணிப் பானைக்குப் போடுற கம்பளி உறையைக் காலிலை மாட்டிக்கொண்டு இருந்தவ. அதுவும் ஒரு காலுக்குத்தான் காணும். கடைசியிலை அந்தச் சர்ஜன் எழும்பி, நான் பாக்கிறன் எண்டு சீற்றைத் தூக்கினார். ஒண்டுமில்லை. ஓட்டைக்குள்ளாலை ரோட்டுத் தெரியுது."

டொக்டர் அண்ணை, "போதும்" என்றார். மச்சாள் கேட்கவில்லை.

"அத்தான் தான்தான் டிசைன் பண்ணினது எண்டு அவையளுக்குச் சொல்லி வைச்சிருந்தவர். அந்த மனுசன் ஓட்டையைப் பாக்கிறார், இவரைப் பாக்கிறார். அண்டைக்கு அவையள் மோட்டலிலை அறை எடுத்து நிண்டிட்டு, அடுத்த நாள் எங்களோடை வரேல்லை. கோச் பஸ்ஸிலை திரும்பிப் போயிட்டினம்."

தான்தான் டிசைன் செய்தது. அந்த வார்த்தையை நான் எதிர்பார்க்கவில்லை. கடவுள் எனக்காகப் பிரத்தியேகமாக அனுப்பிவைத்த பரிசு போல இருந்தது. டொக்டர் அண்ணை எங்கள் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் என் கணவர் வாய் திறந்தார்.

"நான்தான் கழட்டச் சொன்னனான் அக்கா."

என்னைக் காப்பாற்றுகிறாராம். நான் இவ்வளவு பாடுபட்டுச் செய்த வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு எடுத்துச் செல்லப் பார்க்கிறார்.

"இல்லை மச்சாள்" என்றேன். "இவருக்கு ஒண்டும் தெரியாது. நான் தனியத்தான் கழட்டினனான். நீங்கள்தான் பையைத் தூக்கித் தந்தனீங்கள்."

இரயில் நிலையமும் பையும் மச்சாளின் நினைவுக்கு வருவதை நான் அவர் முகத்தில் பார்த்தேன். இத்தனை வருசத்தில் நான் பார்த்த நல்ல காட்சிகளில் அதுவும் ஒன்று.

"ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே" என்றார் டொக்டர் அண்ணை.

"என்னத்தைக் கேக்கிறது அண்ணை? எங்கடை சாமானை எடுக்கவோ?"

"உங்களை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு எடுத்தது ஆர்?" என்று மச்சாள் கேட்டார். அதைச் சொல்லாமல் அவரால் எந்தப் பேச்சையும் முடிக்க முடியாது.

வழக்கமாக என் கணவர் அந்த இடத்தில் தலை குனிவார். அன்று குனியவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"நீங்கள்தான் அக்கா. அதுக்கு நாங்கள் எப்பவும் நன்றியோடைதான் இருப்பம். ஆனால் இவ உடுப்பு மாத்திக்கொண்டு சாப்பிட வந்து நிண்ட நாள், நீங்கள் தட்டைக் கையிலை குடுத்துக் கராஜுக்கு அனுப்பினனீங்கள். அண்டைக்கு நான் சாப்பிட்ட சோறு தொண்டையாலை இறங்கேல்லை."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அன்று அவர் பேசாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்ததை இவ்வளவு நாளும் அவருடைய கணக்கிலும் எழுதி வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், மச்சாளுக்கு அடுத்தபடியாக என் கோபப் பட்டியலில் இருந்தவர் அவர்தான்.

மச்சாள், "வாங்கோ போவம்" என்று கணவரை இழுத்துக்கொண்டு போனார். கார்க் கதவு அடித்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பழி வாங்கினால் எதிரி விழுந்துவிடுவான் என்று கதைகளில் வரும். டொக்டர் அண்ணை விழவில்லை. அடுத்த வருசமே ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெரிய பதவி கிடைத்தது. அந்தச் சர்ஜன்தான் சிபாரிசு செய்தாராம். கேள்விப்பட்டபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. பஸ்ஸைக் கொஞ்ச நாளில் விற்றுவிட்டார்கள். அப்போது மெல்பேர்னில் தமிழ்க் குடும்பங்கள் குறைவு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரே மண்டபத்தில்தான் சந்திக்க வேண்டும். மச்சாள் என்னைக் கண்டால் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு மற்றப் பக்கம் போவார். பலரும் அவருடைய பக்கம். "என்ன இருந்தாலும் கூப்பிட்டு எடுத்தவை" என்று என் காதுபடவே சொன்னார்கள். ஆனால் அதற்குப் பிறகு என் கணவரிடம் கார் திருத்தக் கொண்டுவந்தவர்கள் எல்லாரும் சாப்பாட்டு நேரத்தில் அவரை வீட்டுக்குள் கூப்பிட்டு மேசையில் இருத்தினார்கள். கதை எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்று அதிலிருந்து அறிந்துகொண்டேன்.

ஹீற்றர் தோய்க்கும் அறையில் கிடந்தது. எங்களுக்கு அதைப் பூட்ட வாகனமில்லை. பக்கத்து வீட்டில் ஒரு கிரேக்கர் இருந்தார், நாய்க்குச் சொந்தக்காரர். மீன் பிடிக்கிறவர். பழைய லொறி எஞ்சின் பூட்டிய படகு ஒன்று வைத்திருந்தார். குளிர் காலத்தில் படகு அறைக்குள் விரல் விறைத்து வலை பிடிக்க முடியவில்லை என்று ஒரு நாள் வேலியோடு நின்று சொன்னார். அவருடைய ஆங்கிலமும் எங்களுடைய ஆங்கிலமும் ஒரே தரம்; அதனால் நன்றாக விளங்கியது. என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

துறையில் கட்டியிருந்த அந்தப் படகில் நாங்கள் இருவரும் அதைப் பூட்டினோம். ஆடுகிற படகில் குப்புறப் படுத்துக் கிளிப் இறுக்குவது பஸ்ஸைவிடக் கஷ்டம். எனக்கு இரண்டு தரம் குமட்டிச் சத்தி வந்தது. உப்புக்காற்றுக்குக் கறல் பிடிக்காமல் பெட்டிக்கு வர்ணம் பூசினோம். தரையில் ஓட்டை வெட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு விசிறியைப் போட்டதும் கிரேக்கர் இரண்டு கையையும் நெருப்புக் காய்வதுபோல நீட்டிக்கொண்டு, தன் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்றிலிருந்து அவர் கடலுக்குப் போய் வந்த நாளெல்லாம் வேலிக்கு மேலால் பேப்பரில் சுற்றிய மீன் எங்களுக்கு வந்தது.

அதற்கு அடுத்த குளிர்காலம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முன்னறிவிப்பில்லாமல் மச்சாள் தனியாக வந்தார். பெரிய வான் வண்டி ஒன்று புதிதாக வாங்கியிருக்கிறார்களாம். கதிரை நுனியில் இருந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்துச் சொன்னார்.

"நடந்தது நடந்துபோச்சு. அந்த ஹீற்றரைக் கொண்டுவந்து இதிலை பூட்டித் தாவன். இந்த முறை எல்லாருமாய்ப் போவம்."

என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். மச்சாளும் வேறு வழியில்லாமல் என் பக்கம் திரும்பினார்.

"அது இப்ப இல்லை மச்சாள்" என்றேன். "ஒரு படகிலை பூட்டியாச்சு. கடலிலை நிக்குது."

"கழட்டேலாதோ?"

"கழட்டலாம். ஆனால் படகுக்காரர் எங்களை நல்லாய் நடத்துறார்."

மச்சாள் எழும்பிப் போவார் என்று பார்த்தேன், போகவில்லை. சாப்பாட்டு நேரம். நான் மேசையில் மூன்று தட்டு வைத்தேன். சோறும் மீன் குழம்பும் பொரியலும் பரிமாறினேன். அவர் முதலில் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டார். பிறகு தானே கையை நீட்டி இன்னொரு துண்டு எடுத்தார்.

"நல்ல மீன்" என்றார். "எந்தக் கடையிலை வாங்கினனீர்?"

"கடையிலை வாங்கேல்லை, மச்சாள். பக்கத்து வீட்டுக்காரர் தந்தது."

"ஏன், சும்மாவோ தாறவர்?"

என் கணவருக்குப் புரையேறியது. நான் அவருக்குத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, மச்சாளின் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு விட்டேன்.